தகட்டுக்கு வெளியே ஒரு சுண்டுவிரல்

பொன்செல்வி யாரைப் புதிதாகச் சந்தித்தாலும் முதலில் அவருடைய பாதங்களைத்தான் பார்ப்பாள். முகத்துக்கு வருவது அதன் பிறகே. ஒருமுறை அவளைப் பெண் பார்க்க வந்தவர்கள், "பொண்ணு ரொம்ப அடக்கம், தலை நிமிரவே இல்ல" என்று பாராட்டிவிட்டுப் போனார்கள். அவர்கள் தெருமுனை திரும்புவதற்குள், "மாப்பிள்ளைக்குத் தட்டைப் பாதம், இடது கால் உள்பக்கமா சாயுது" என்று அவள் வீட்டாரிடம் அறிவித்துவிட்டாள். அவளுடைய கைப்பையில் மடக்கு அளவுகோல் ஒன்றும், பென்சிலும், நான்காக மடித்த பழுப்புத்தாள்களும், தீப்பெட்டிக்குள் பத்திரமாக ஓர் ஆணியும் எந்நாளும் இருக்கும். நாலரை மில்லிமீட்டர் கனமுள்ள அந்த ஆணி அவளது தொழிலுக்கு எதிரி. அதை உள்ளே விடாத காலணியை வடிவமைப்பதே அவளது வேலை.

தென்காசியிலிருந்து இலஞ்சிக்குச் செல்லும் சாலையில் வல்லிநாயகம் என்பவர் நடத்திவந்த பூட்ஸ் தொழிற்கூடத்தில் அவள் ஆறாண்டுகளாகப் பணியாற்றினாள். குற்றாலத்திலும் சுற்றியுள்ள சில ஊர்களிலும் துப்புரவுப் பணியைக் குத்தகைக்கு எடுத்திருந்த தனியார் நிறுவனம் ஒன்று, கண்ணாடிச் சில்லும் ஆணியும் துளைக்காத பூட்ஸ் முந்நூறு சோடி வேண்டுமென்று அவ்வாண்டு கேட்டது. உள்ளங்கால் பதியும் அட்டைக்கும் ரப்பர் அடிக்கும் நடுவே மெல்லிய எஃகுத் தகடொன்றை வைத்துப் பொன்செல்வி அதை வடிவமைத்தாள். சென்னையிலுள்ள சோதனைக்கூடத்தில், நூற்றுப்பத்துக் கிலோ எடைக்கு நிகரான விசையுடன் இயந்திரம் தன் ஆணியை நான்கு இடங்களில் அழுத்திப் பார்த்தது. நான்கு இடங்களிலும் ஆணிதான் தோற்றது.

முதலில் இருபது சோடிகள் செய்து, குற்றாலத்துத் தொழிலாளர்களுக்கு அணிந்து பார்க்கக் கொடுத்தார்கள். பன்னிரண்டாம் நாள் காலையில், குத்தகை நிறுவனத்தின் மேற்பார்வையாளரான பெஞ்சமின் தொலைபேசியில் அழைத்தார்.

"மேடம், உங்க பூட்ஸப் போட்டும் கால்ல ஆணி ஏறிட்டுன்னு சங்கரம்மாள்னு ஒரு அம்மா சத்தம் போடுதாங்க. பழைய செருப்போட வேலை பாத்துட்டு பூட்ஸ் மேல பழி போடுதாங்களோ என்னமோ. நீங்க வந்து ஒரு வார்த்த பேசிட்டுப் போங்க."

பொன்செல்வி உடனே புறப்பட்டாள். குற்றாலத்தில் சாரல் தொடங்கியிருந்தது. பேரருவிக்குப் போகும் வழியெங்கும் சீசன் கடைகளுக்குப் பலகை அடித்துக்கொண்டிருந்தார்கள். சென்ற ஆண்டின் பழைய பலகைகள், பிடுங்கப்படாத ஆணிகளுடன் ஓரத்தில் குவிந்து கிடந்தன. துடைப்பங்கள் அடுக்கிவைத்த தகரக் கொட்டகையில், வலது காலில் கட்டுடன் உட்கார்ந்திருந்தார் சங்கரம்மாள்.

"வாங்க டிசைன் மேடம். பூட்ஸப் பாக்க வந்தியளா, காலப் பாக்க வந்தியளா?"

"காலத்தான் பாக்க வந்தேன் யக்கா."

"அப்ப உக்காருங்க. இதுவரைக்கும் வந்தவன் எல்லாம் பூட்ஸத்தான் திருப்பித் திருப்பிப் பாத்தான்."

காயம் சுண்டுவிரலுக்குக் கீழே இருந்தது. பூட்ஸின் அடியிலும் வெளி ஓரத்தில்தான் துளை இருந்தது. பொன்செல்வி தீப்பெட்டியைத் திறந்து, தன் ஆணியை அத்துளையில் மெல்ல நுழைத்தாள். எஃகுத் தகட்டின் விளிம்பை உரசிக்கொண்டு அது தடையின்றி உள்ளே போயிற்று. தகட்டை எதுவும் துளைக்கவில்லை.

"ஒங்க இரும்புல ஒரு கொறையும் இல்ல தாயி" என்றார் சங்கரம்மாள். "என் காலுதான் அதுக்கு வெளிய கெடக்கு."

பொன்செல்விக்குச் சுருக்கென்றது. அப்போதுதான் அவர் பாதத்தை உள்ளபடி பார்த்தாள். முப்பது வயதுவரை செருப்பறியாமல் வரப்பிலும் பாறையிலும் நடந்த கால் அது. விரல்கள் ஒன்றையொன்று தொடாமல் விசிறிபோல் விரிந்திருந்தன. பூட்ஸை வார்த்துத் தைப்பதற்காகத் தொழிற்கூடத்தில் இருந்த கால்வடிவப் பிளாஸ்டிக் அச்சோ, சிறுவயது முதல் ஷூவுக்குள் ஒடுங்கி வளர்ந்த காலின் வடிவம். வெளியூர் வியாபாரத்துக்காக வாங்கிவைத்த அந்த அச்சையே அவள் இதற்கும் எடுத்துக்கொண்டாள்; தகட்டையும் அதன் அளவுக்கே வெட்டச் சொன்னாள். எவரைக் கண்டாலும் பாதம் பார்க்கும் அவள், இந்த முந்நூறு சோடிக்கு மட்டும் பாதம் பார்க்கவில்லை.

"ஒரு நம்பர் கூட்டிப் போட்டா அகலம் சரியா வருமா யக்கா?"

அருகில் கூடையைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்த ஜெயபிரியா என்ற பெண் சிரித்தாள். "நான் ரெண்டு நம்பர் கூட்டி வாங்கி முன்னால துணி அடைச்சிருக்கேன் மேடம். படியில ஏறுனா, எனக்கு முன்னாடியே என் பூட்ஸ் ஏறிருது. முந்தாநாள் பாசியில வழுக்கி, குப்ப வண்டிக்குள்ளயே விழுந்தேன். அள்ள வந்தவளையும் சேத்து அள்ளிட்டுப் போங்கன்னு இவங்க எல்லாம் ஒரே சிரிப்பு."

பொன்செல்வி பழுப்புத்தாள்களை விரித்தாள். பாதத்தை நனைத்துப் பதித்தால் சுவடு காய்ந்துவிடும். வெளியே எண்ணெய்க் குளியல் செய்துவிடும் தொழிலாளி ஒருவரிடம் புட்டியின் அடியில் மிஞ்சியிருந்த நல்லெண்ணெயைக் கேட்டு வாங்கிவந்தாள்.

"குத்தாலத்துக்கு வாரவன் எல்லாம் முதுகக் காட்டி எண்ணெ தேய்ப்பான்" என்றார் சங்கரம்மாள். "நீ என்னட்டி உள்ளங்கால்ல தேய்க்க?"

ஏழு பெண்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து தாளில் நின்றார்கள். பதினான்கு சுவடுகள். தொழிற்கூடத்திலிருந்து கையோடு எடுத்துவந்திருந்த எஃகுத் தகடுகளில் அவரவர் கால் நம்பருக்கானதை ஒவ்வொன்றின் மீதும் வைத்துப் பென்சிலால் ஓரம் வரைந்தாள். பதினொன்றில் சுண்டுவிரல் கோட்டுக்கு வெளியே நின்றது. அவற்றுள் நான்கில், அதற்கு அடுத்த விரலும் பாதி வெளியே இருந்தது.

அன்று பிற்பகல் தொழிற்கூடத்தில், மீதமுள்ள இருநூற்றெண்பது சோடிக்கான வடிவமைப்புத் தாள் மேசைமீது காத்திருந்தது. அதன் அடியில் வடிவமைப்பாளர் கையொப்பம் இருந்தால்தான் தகடு வெட்டத் தொடங்கலாம். அதை வாங்கிச் செல்லப் பெஞ்சமினும் வந்திருந்தார்.

"டெஸ்டுலதான் பாஸாயிட்டுல்லா, பொறவு என்ன?" என்றார் வல்லிநாயகம்.

"டெஸ்டுல தகட்டு மேலதான் குத்துனாங்க அண்ணாச்சி. தகடு இல்லாத எடத்துல யாரும் குத்திப் பாக்கல."

"ஓரத்துல ஆறரை மில்லிமீட்டர் வரைக்கும் தகடு இல்லாம விடலாம்னு விதியிலேயே இருக்கே மேடம்" என்றார் பெஞ்சமின்.

"இருக்கு சார். ஆனா ஆணி விதியப் படிச்சிட்டா வருது?"

அவள் தாளொன்றைத் தரையில் விரித்து, எண்ணெய்ப் புட்டியை அருகே வைத்தாள். "ஷூவக் கழத்திட்டு இதுல நில்லுங்க சார்."

பெஞ்சமின் தயங்கினார். பிறகு வேடிக்கைதானே என்று நின்றார். அவர் சுவட்டின்மீது அவர் நம்பர் தகட்டை வைத்தபோது, எந்தப் பக்கமும் வெளியே தெரியாமல் சுவடு அதன் அடியில் அடங்கியது.

"எல்.கே.ஜி.யிலேயே ஷூ போட்ட காலு. இந்த பூட்ஸப் போட்டுக்கிட்டு நீங்க குப்ப அள்ளுங்க சார், ஒரு ஆணியும் ஏறாது."

வல்லிநாயகம் உரக்கச் சிரித்துவிட்டார். சிரித்த வேகத்திலேயே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "நவுருங்கவே, என் கால வச்சுப் பாப்போம்" என்று எழுந்துவந்தார். எட்டாம் நம்பர் செருப்புப் போடுகிறவர் அவர். தமக்கு இதில் ஒரு சந்தேகமும் இல்லை என்பது போல அழுத்தமாக நின்றார். பொன்செல்வி எட்டாம் நம்பர் தகட்டை எடுத்து அவர் சுவட்டின்மேல் வைத்தாள். சுண்டுவிரல் முழுவதும் வெளியே நின்றது.

இலஞ்சியில் அப்பாவுடன் நாற்று நட்டுக்கொண்டிருந்த காலத்தில், பதினாறு வயதுவரை அவருடைய காலில் செருப்பு ஏறியதில்லை. சட்டைக்கும் கைக்கடிகாரத்துக்கும் தெரியாத அந்தச் செய்தியைக் கால் மறக்காமல் வைத்திருந்தது. அவள் தாளை எடுத்துச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். எண்ணெய் ஊறிய சுவடு ஒளி ஊடுருவிப் பளிச்சென்று தெரிந்தது.

"சவம், என் காலும் வெளியதானா" என்று முணுமுணுத்தவர், நாற்காலியில் போய் உட்கார்ந்தார். அவர் குரல் அதன்பின் இறுகிற்று. "சரிம்மா. நீ சொல்லுதது புரியுது. ஆனா புது அச்சு, தகடு வெட்டப் புது டை எல்லாம் வர ரெண்டு மாசம் ஆவும். அதுக்குள்ள சீசன் முடிஞ்சிரும், ஆர்டரும் போயிரும். இந்த ஒரு தடவ போவட்டும், அடுத்ததுல மாத்துவோம்."

"அதோட, இத நிறுத்துனா இந்த ரெண்டு மாசமும் அவங்க செருப்போடதான நிக்கணும்?" என்றார் பெஞ்சமின். "அதுக்கு இது மேல்தான மேடம்?"

வழியெல்லாம் பேருந்தில் பொன்செல்வியும் தன்னைத்தானே கேட்டுக்கொண்டு வந்த கேள்வி அது.

"மேல் இல்ல சார். செருப்பு போட்டவ பலகையப் பாத்து மிதிப்பா. இதப் போட்டவ நம்பி மிதிப்பா. சங்கரம்மாள் அக்கா அப்படித்தான் மிதிச்சாங்க."

வல்லிநாயகம் வடிவமைப்புத் தாளை அவள் பக்கம் நகர்த்தி, பேனாவின் மூடியைத் தாமே கழற்றி வைத்தார்.

"பொன்செல்வி, உன்கிட்ட நான் சத்தம் போட்டதில்ல. இன்னைக்கும் போடமாட்டேன். நீ கையெழுத்துப் போடலேன்னா செங்கோட்டையில இருந்து வேற ஆளக் கூட்டியாந்து போட வைப்பேன். அப்படி ஆச்சுன்னா நாளையில இருந்து உனக்கு இங்கன வேலை இல்ல. யோசிச்சுக்கோ."

அவள் யோசித்தாள். ஆறாண்டு வேலை. வீட்டில் அவள் ஒருத்தியின் சம்பளம். தென்காசியைச் சுற்றி இந்தத் தொழிலுக்கு வேறு கூடம் இல்லை என்பதும் அவளுக்குத் தெரியும். கண்ணை மூடினாலும் அந்தப் பழுப்புத்தாளில் கோட்டுக்கு வெளியே நின்ற பதினொரு சுண்டுவிரல்களே தெரிந்தன; இப்போது பன்னிரண்டாவதாக அண்ணாச்சியின் விரலும் சேர்ந்திருந்தது.

சுவடுகள் பதிந்த தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, எண்ணெய் மற்றவற்றில் படாதபடி செய்தித்தாளில் சுற்றினாள். தீப்பெட்டியைப் பையில் வைத்தாள். பிறகு பேனாவை எடுத்து, மூடியைத் திருகி மூடி, தாளின்மேல் குறுக்காக வைத்தாள்.

"இதுல என் கையெழுத்து வராது அண்ணாச்சி. நாளைக்குக் காலையில சங்கரம்மாள் அக்கா கால் அளவுக்கு அச்சு செதுக்க உக்காருதேன். இங்கன எடம் இருந்தா இங்கன உக்காருதேன், இல்லேன்னா எங்க வீட்டுல உக்காருதேன்."