அத்தான் கண்டுபிடித்த பக்கவிளைவு

அக்காவுக்கு மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் சேர்த்து ஒரே மாத்திரையாக எழுதிக் கொடுத்தார்கள். அதற்கு முன்பு அழைப்பு மணி அடித்தாலே கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடுவாள். சட்டையில் ஒரு சுருக்கம் இருந்தால் அத்தான் என்ன சொல்வாரோ என்று விடிவதற்கு முன்பே எழுந்து தேய்ப்பாள். அத்தானுக்கு அதில் குறையொன்றும் தெரியவில்லை. பொறுப்பான மனைவி என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

மாத்திரை வேலை செய்யத் தொடங்கியது. கூடவே அக்காவுக்கு வாய் உலர்ந்தது, மலச்சிக்கல் வந்தது, மதியமானால் கண் சொக்கியது. தையல் கம்பெனியில் துணி வெட்டும் மிஷினில் இருந்தவள், விரல் போய்விடும் என்று தானே கேட்டு, பொத்தான் தைக்கும் பக்கம் மாறிக்கொண்டாள். இதெல்லாம் அத்தான் கண்ணில் படவே இல்லை. ஒரு நாள் அக்கா, அவருடைய சட்டையை அவரே தேய்த்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டாள். மனிதருக்குத் தூக்கிவாரிப் போட்டது. மாத்திரைப் பெட்டியில் இருந்த தாளைப் பிரித்து, பூதக்கண்ணாடி வைத்து, எதிர்த்துப் பேசுதல் என்று எங்காவது போட்டிருக்கிறதா என்று தேடினார். போடவில்லை. மருந்துக் கம்பெனிக்காரன் மறைக்கிறான் என்று முடிவுகட்டினார்.

டாக்டரம்மாவிடம் போகும்போது துணைக்கு நானும் போனேன். எப்படி இருக்கிறது என்று அவர் அக்காவைத்தான் கேட்டார். வறண்ட வாயில் அவள் நாக்கு புரள்வதற்குள் அத்தான் முந்திக்கொண்டார். அவளுக்கு வாய் நீண்டுவிட்டதாம், மாமியார் போன் செய்தால் சாவகாசமாக மறுநாள் பேசுகிறாளாம், மாத்திரையை உடனே நிறுத்த வேண்டுமாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதோடு விட்டாரா? தன் சாமர்த்தியத்தையும் தானே சொன்னார்.

"முந்தாநாள்லேர்ந்து மாத்திரையை நான் ஒளிச்சு வச்சிருக்கேன் டாக்டர். தூக்கமே இல்லாம, பழையபடி எல்லாத்துக்கும் ஓடுறா. நல்லாத்தான் இருக்கா."

அதுவரை அக்கா கைமறதியாக எங்கோ வைத்துவிட்டோம் என்று தன்னையே திட்டிக்கொண்டு வீடெல்லாம் தேடியிருந்தாள். பாவி மனிதர், கூடவே நின்று கட்டிலுக்கடியில் டார்ச் அடித்துக் காட்டியிருக்கிறார்.

இந்த மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம் என்று டாக்டரம்மா கடிந்துகொண்டார். தூக்கக் கலக்கத்துக்கு அளவை மாற்றித் தருவதாகவும் சொன்னார். அத்தான் அசரவில்லை.

"இல்ல டாக்டர், அவளுக்கு பயமே போயிடுச்சு."

அக்கா தண்ணீர் குடித்தாள். பிறகு, மாத்திரையைக் கொடுக்கும்படி அத்தான் முன்னால் கையை நீட்டினாள்.

"நான் பயந்துக்கிட்டே இருந்தா உங்களுக்கு வசதி. எனக்கு அதுதாங்க நோய்."