சேலைக் கிழிசல் கட்டிய பூண்டு

சீசன் முடிந்து நாலு நாள் லீவில் எங்கள் மலையூரான கிளாவரைக்கு வந்திருந்தேன். கொடைக்கானலில் ஒரு ஹோட்டலில் எனக்கு ரூம் சுத்தம் செய்கிற வேலை. ஒன்றரை வருடத்தில் அந்த வேலையே பைத்தியமாகப் பிடித்துக்கொண்டது. ஒரு சுருக்கம் இல்லாமல் விரிப்பை இழுத்துச் செருகும்போது சாமி கும்பிட்ட மாதிரி இருக்கும். நிஜமாகத்தான் சொல்கிறேன். நாலு துண்டும் ஒரே மடிப்பில் உட்கார்ந்தால் மனசும் உட்கார்ந்துவிடும். இதை வீட்டில் சொல்லியே தீர வேண்டும் என்ற துடிப்போடுதான் பஸ் ஏறினேன்.

வந்ததும் கண்ணில் பட்டது அடுப்படி. மேலே கம்புகளில், புகை படும்படி தொங்கிய பூண்டுக் கட்டுகள். எல்லாம் நடவுக்கான விதை என்று நினைத்தேன். ஒன்று வாழைநாரில், இன்னொன்று பழைய சேலைக் கிழிசலில். ஒரு பக்கம் நெருக்கம், ஒரு பக்கம் வெறும் கம்பு.

"என்ன மதினி, இப்படி அலங்கோலமா கெடந்தா வீட்டுல சாமி எப்படித் தங்கும்?"

"தங்கலைன்னா நீங்க ஒரு ரூம் போட்டுக் குடுங்க கொழுந்தனாரே. ஹோட்டல்காரருதான?" என்றாள் தேவசேனா மதினி. அண்ணன் லாரியோடு போனால் வாரம் கழித்துத்தான் வருவான். தோட்டம் முழுக்க அவள் பொறுப்பு. "நாளைக்கு நடவு. பாத்தி கட்ட ஆளு நிக்குது, வெரசா போகணும். வெறகை மட்டும் தொடாம இருங்க, அது போதும்."

விறகை நான் தொடவில்லை.

அவள் இறங்கிப் போனதும் கடையில் நீல நைலான் கயிறு வாங்கி வந்தேன். எல்லாக் கட்டையும் இறக்கினேன். நாரையும் கிழிசலையும் அறுத்து அடுப்பில் போட்டேன். பெருசு, நடுத்தரம், சிறுசு என்று பிரித்து, ஒரே அளவில் கட்டி, ஒரு சாண் இடைவெளி விட்டுத் தொங்கவிட்டேன். இறக்கும் முன்னால் எடுத்த போட்டோ ஒன்று, கட்டிய பின்னால் எடுத்தது ஒன்று. 'ஒழுங்குதான் தவம்' என்று எழுதி ஸ்டேட்டஸ் வைத்தேன்.

மதியம் மதினி சேற்றுக் காலோடு வந்தாள். அண்ணாந்து பார்த்தாள்.

"சேலைத்துணி கட்டுனதெல்லாம் எங்க?"

"அழுக்குத் துணி மதினி. எரிச்சுட்டேன். பாருங்க, எப்படி இருக்கு!"

அவள் அப்படியே அடுப்பு ஓரம் உட்கார்ந்துவிட்டாள்.

"கீழ்க்காட்டுத் தோட்டத்துல போன தடவ அழுகல் நோய் விழுந்துச்சு. அங்க வெளைஞ்ச பூண்டுக்குத்தான் சேலைத்துணி கட்டுனேன். அது கொழம்புக்கு. நாரு கட்டுனது விதைக்கு. வெளிய பாத்தா ரெண்டும் ஒண்ணு போலத்தான் இருக்கும். மண்ணுக்குள்ள போனாத்தான் தெரியும். அழுகல் ஒண்ணு போனாலும் பாத்தி பூராம் போயிரும்."

எனக்குக் காது சுட்டது. அவசரமாக முதல் போட்டோவைக் காட்டினேன். அவள் விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"இந்தா, இந்த வரிசை. இதுதான் நல்ல வெதை," என்றாள்.

போட்டோவில் தெளிவாகத்தான் இருந்தது. தலைக்கு மேலே எல்லாமே நீலக் கயிறு.

திட்டியிருக்கலாம். திட்டவில்லை. சாக்கை என் கையில் கொடுத்து முன்னால் நடந்தாள். அந்தத் தெருவுக்கே விதை கொடுத்தவள் அவள். விதை கேட்டு அடுத்த வீட்டுப் படியேறியது அன்றுதான் முதல் முறை.

முதல் வீட்டில் தாழ்ந்த குரலில், "வெதைப்பூண்டுல எலி விழுந்துருச்சுக்கா. ரெண்டு கட்டு இருந்தாக் குடுங்க," என்றாள். இரண்டாவது வீட்டிலும் எலிதான்; இரண்டு வீட்டிலும் கொடுத்தார்கள். அவள் பொய் சொல்லி நான் கேட்டதேயில்லை. எனக்காகச் சொல்கிறாள் என்று தெரிந்தும் சாக்கைப் பிடித்தபடி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது, பிச்சையம்மாள் அக்கா வீடு.

"எலியா? அந்தப் புகையிலயா?" அவள் மதினியை ஏற இறங்கப் பார்த்தாள். "இப்பத்தானடி எம்மக போன்ல காட்டுனா. நீலக்கயிறு கட்டி, பரேடு நிக்கிற மாதிரி தொங்குது. வெதை இல்லைன்னு எங்கிட்டயே கதை விடுறியா?"

மதினி முகம் சிவந்தது.

"எலி இல்லக்கா," என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு முறை சொன்னேன். "எலி இல்ல. நாந்தான். அழுகலையும் வெதையையும் கலந்துட்டேன். மதினி எனக்காக மறைக்கிறாங்க."

பிச்சையம்மாள் என் பக்கம் திரும்பினாள்.

"பேண்டு போட்ட எலியை இப்பத்தான் பாக்குறேன்," என்று உள்ளே போனாள். மூன்று கட்டோடு வந்தாள். "ரெண்டு மேக்காட்டுது, ஒண்ணு ஓடைக்காட்டுது. கலந்துறாத ராசா."

நான் திரும்பி நடந்தேன். முதல் வீட்டுக்கும் இரண்டாவது வீட்டுக்கும் போய் அதையே சொன்னேன். ஒரு வீட்டில் சிரித்தார்கள். ஒரு வீட்டில் சிரிக்கவில்லை.

வீட்டில் மதினி பழைய சேலைகளைக் கிழித்து, காட்டுக்கு ஒரு நிறமாக என் முன்னால் போட்டாள். "யாரு வீட்டுது, எந்தக் காட்டுதுன்னு மனசுல சொல்லிக்கிட்டே கட்டுங்க."

பெயர் சொல்லிச் சொல்லிக் கட்டினேன். ஸ்டேட்டஸுக்கு ஹார்ட் வந்துகொண்டேயிருந்தது. போனைக் கவிழ்த்து வைத்தேன். கடைசியில் பிச்சையம்மாள் அக்கா கொடுத்த கட்டு ஒன்று கையில் நின்றது. மேற்காடா, ஓடைக்காடா? மறந்துவிட்டது. இத்தனைக்குப் பிறகு எப்படிக் கேட்பது? உத்தேசமாகக் கட்டிவிட்டால் யாருக்கும் தெரியாது.

"மதினி," என்றேன், தலை நிமிராமல். "இது எந்தக் காட்டுது?"