நால்வர் இசைக்கு ஒரு வாழ்த்துமடல்

ஆகஸ்ட் விடுமுறைக்கு வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள், கோயில் திருவிழா முடிந்ததும் யாழ்ப்பாணத்துக்குக் கலை வழங்குவது வழக்கம். இந்த வருடம் இலண்டன் வாகீசன் வழங்கியது நால்வர் இசை. இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ. செல்லோ வாசிக்கிறவள் குருநகர் மீனவர் கனிசியஸின் மகள் தர்சினி.

கொழும்பு ஆசிரியை உதயகலா வந்திருந்தார். வெளிநாட்டு இசைக் கல்லூரி ஒன்றில் ஒரேயோர் இலவச இடம் அவர் கையில் இருந்தது. வாசிப்பை நேரில் கேட்டுத்தான் ஆளை எடுப்பார். பதினெட்டு வயது தாண்டக் கூடாது. தர்சினிக்கு அடுத்த மாதம் பத்தொன்பது பிறக்கிறது. உதயகலாவின் பஸ் ஏழு மணிக்கு.

நாலு மணி நிகழ்ச்சி, பிரதம விருந்தினர் பிந்தி வந்திறங்கியதால், ஐந்தேகாலுக்குத் தொடங்கியது. குத்துவிளக்கில் ஐந்து திரி. அழைக்கப்பட்டவர்கள் பதினொரு பேர். ஆறு பேர் எரிகிற திரியையே மறுபடி கொளுத்தினார்கள். பிறகு ஆசியுரை, வரவேற்புரை, தலைமையுரை. வாகீசன் விருந்தினரைப் புகழ்ந்தார். விருந்தினர் வாகீசனைப் புகழ்ந்தார். பக்கத்து அறையில் நால்வரும் ஒவ்வோர் உரைக்கும் சுருதி கூட்டினார்கள். புழுக்கத்தில் அது திரும்ப இறங்கியது.

ஆறேகாலுக்கு உதயகலா எழுந்தார். "தம்பி, பிள்ளையள் வாசிக்கிறதைக் கேட்டிட்டுப் போறன். எனக்கு பஸ் இருக்கு."

வாகீசன் பதறிப்போனார். இவரைக் கௌரவிக்காமல் அனுப்புவதா? பொன்னாடை வந்தது. கண்ணாடிச் சட்டமிட்ட வாழ்த்துமடலும் வந்தது, எட்டுப் பாட்டு. அதை எழுதிய ஆழ்வாப்பிள்ளை மாஸ்ரர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வாசிக்கத் தொடங்கினார்.

மூன்றாம் பாட்டு முடிவில் கனிசியஸுக்குப் பொறுக்கவில்லை. முடித்துவிடுவாரென்று பலமாகக் கைதட்டினார். சபையும் சேர்ந்து தட்டியது.

மாஸ்ரரின் முகம் மலர்ந்தது. "ரசிகர்கள் விரும்பினபடியால் முதல்லயிருந்து வாசிக்கிறன்."

எட்டாம் பாட்டு முடிய, ஆறே முக்கால். உதயகலா சட்டத்தை அணைத்தபடி ஓட்டோவில் ஏறினார்.

"தம்பி, மிஸ்ஸை ஒரு பத்து நிமிசம் மறிச்சிருக்கலாமே?" கனிசியஸ் வாகீசனிடம் கேட்டார்.

"பஸ் நிக்குமே அண்ணை? அடுத்த வருசம் பாப்பம்."

"அடுத்த வருசம் அவளுக்கு வயது கூடிப்போம்."

"அப்ப அவவுக்கும் ஒரு பொன்னாடை போத்துவம்."

விருந்தினருக்கும் அவசரம். படம்பிடிப்பவர் நால்வரையும் மேடைக்கு அழைத்தார். "வாசிக்கிற மாதிரி வில்லைப் பிடியுங்கோ. சத்தம் வேண்டாம், மைக்கிலை நன்றியுரை போகுது."

தர்சினியின் வில் நரம்புக்கு ஒரு விரல் மேலே நின்றது. மின்னல் அடித்தது போல் கமெரா வெளிச்சம். சபை எழுந்து நின்று கைதட்டியது.

கனிசியஸ் எழும்பவில்லை. இரண்டு கைகளையும் தொடைக்குக் கீழே அமுக்கி வைத்திருந்தார்.