ஐந்து குழல்

“இப்படி வராதுங்க. தலைய முன்னால கொண்டுபோகணும்னா அலமாரிய எடுக்கணும்” என்று ஸ்ட்ரெச்சரைக் கீழே வைத்தார் வண்டிக்காரர்.

“தலைதான் முன்னால போகணும். வாசல் பக்கம் கால் நீட்டினாலே அப்பாவுக்குப் பிடிக்காது” என்றான் அண்ணன்.

பிடிக்காதுதான். அப்படிப் படுப்பது பிணம் கிடக்கும் நிலை என்று ஃபெங் சுயி என்னும் சீன வாஸ்துப் புத்தகத்தில் போட்டிருந்தது. நில அளவைத் துறையில் முப்பது வருடம் ஊரையெல்லாம் அளந்தவருக்கு, ஓய்வுபெற்ற பிறகு அளப்பதற்கு இந்த இரண்டு அறை வீடுதான் மிச்சம். கட்டில் மூலைக்குப் போனது. படுத்தபடியே வாசல் தெரிய வேண்டும், கால் மட்டும் வாசலை நோக்கக் கூடாது. வாசலில் நுழையும் நல்ல சக்தி நேராக ஓடி ஜன்னல் வழியாகத் தப்பிவிடுமாம்; அதை மறிக்க நடுவழியில் அலமாரி. சக்தி தப்பித்ததோ இல்லையோ, மகள் ஒன்பது வருடமாக அந்த அலமாரியை ஒருக்களித்துத்தான் கடந்தாள்.

வாசல் நிலையில் ஐந்து குழல் வைத்த காற்றுமணி. கதவு அசைந்தால் போதும், கிணுகிணுக்கும். உடனே கட்டிலிலிருந்து குரல் வரும்.

“எங்க போற?”

“இதோ வந்துடுறேன்ப்பா.”

பால் வாங்க, குப்பை கொட்ட, பல்செட் செய்யும் கூடத்துக்கு வேலைக்குப் போக, எல்லாவற்றுக்கும் அதே கேள்வி, அதே பதில். அவர் கண்ணயர்ந்த நேரங்களில் குழல்களைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் வெளியேறவும் பழகியிருந்தாள்.

மூன்று நாளாக அவள் கைப்பையில் ஒரு கடிதம் இருந்தது. கூடம் வேறு ஊரில் கிளை திறக்கிறது, அவள்தான் பொறுப்பாளர், திங்கட்கிழமை சேர வேண்டும். வடக்கு மூலை தொழிலுக்கு உரியது என்று அங்கே நீலச் சாடி வைத்தவரே அப்பாதான். “உனக்குப் பெரிய வேலை வரும் பாரு” என்று நடமாட முடிந்தவரை தன் கையால் அதைத் துடைத்துக்கொண்டிருந்தார். வேலை வந்தேவிட்டது. சொல்லத்தான் வாய் வரவில்லை. நேற்றுச் சாயங்காலம் மனதைத் திடப்படுத்திக்கொண்டு கட்டிலருகே உட்கார்ந்தாள்.

“சாடியில தூசி பாரும்மா” என்றார்.

எழுந்துபோய்த் துடைத்தாள். காலையில் மாத்திரையோடு வந்தபோது அவர் போய்விட்டிருந்தார்.

“கால் முன்னாலயே போகட்டும்” என்றாள் இப்போது.

அண்ணன் திரும்பிப் பார்த்தான்.

“இனிமே அவருக்கு என்ன ஆயிடப்போகுது?”

அண்ணனும் வண்டிக்காரரும் ஸ்ட்ரெச்சரைத் தூக்கினார்கள். அவள் முக்காலியில் ஏறிக் குழல்களைக் கையில் அடக்கிப் பிடித்துக்கொண்டாள். அவளுடைய முழங்கைக்குக் கீழே முதலில் அப்பாவின் பாதங்கள் போயின, பிறகு முகம். மணி சத்தம் போடவில்லை.

அப்பாவைக் கீழே வண்டியில் ஏற்றிவிட்டு, ஆஸ்பத்திரிச் சீட்டை எடுக்க அண்ணன் மறுபடி மேலே வந்தான், அண்ணியும் கூடவே. “வீட்ட இப்படியே வெச்சுக்கோ. எதையும் மாத்தாத” என்றான். “நீ இங்க இருக்கறதாலதான் எனக்கு நிம்மதி.”

“அவ எங்க போகப்போறா?” என்றாள் அண்ணி, அவள் தோளை அன்பாகத் தடவியபடி.

அவள் கைப்பையின் ஜிப்பைத் திறந்தாள். அதற்குள் இருவரும் படியிறங்கிவிட்டார்கள். ஜிப்பை மூடினாள்.

கீழே வண்டி ஹாரன் அடித்தது. வாசலுக்கு வந்ததும் கை தானாக மேலே போய்க் குழல்களைப் பிடித்தது. யார் எழுந்துவிடப் போகிறார்கள்? விரல்களை விட்டாள். ஐந்தும் ஒன்றோடொன்று மோதி வீடு முழுக்க ஒலித்தன.

உள்ளே ஒரு குரலும் இல்லை. அவள் காத்திருந்தாள். வேறு ஊருக்குப் போகிறேன், நல்ல வேலை, உங்கள் சாடி கொடுத்ததுதான் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

“இதோ வந்துடுறேன்ப்பா.”

கீழே மறுபடியும் ஹாரன் கேட்டது. உள்ளே ஆள் இருக்கும்போது செய்வதைப் போலவே, பூட்டாமல் கதவை வெறுமனே சாத்திவிட்டுப் படியிறங்கினாள்.