அவரு பேசுற சீன்

படம் எடுக்க வந்த டைரக்டருக்கு என் வீட்டுக்காரரைப் பார்த்ததும் அவ்வளவு சந்தோஷம். பொழைக்க வந்த தெலுங்கு ஊர்ல, மல்காஜ்கிரி ரயில்வே ஸ்டேஷன்ல மூட்டை தூக்கிட்டிருந்தவரை நிறுத்தி, "இந்த முகம்தான் வேணும்"னாராம். ஏழைங்க கதை, எல்லாம் நிஜமா இருக்கணுமாம். அப்புறம் எதுக்கையா, இருக்கிற கறுப்பு போதாதுன்னு அந்த மனுஷன் மூஞ்சில கரியை வேற பூசினீங்க? நேராவே கேட்டுட்டேன். "ஏ புஷ்பா, நக்கோ, வேணாம், சும்மா இரு"ன்னு சிரிச்சாரு என் தண்டபாணி. "நீ எப்பவும் பேசற மாதிரியே பேசு, அதுதான் நிஜம்"னாரு டைரக்டர். இவரும் தமிழ் வாடையோட தெலுங்குல ஒரு சீன் முழுக்கப் பேசினாரு.

அடுத்த மழைக்காலத்துல, கூலி ஜாஸ்தி கிடைக்குதுன்னு ஹைடெக் சிட்டி பக்கம் கட்டட வேலைக்குப் போனாரு. சாரத்துலேர்ந்து விழுந்து போய்ச் சேர்ந்துட்டாரு. எங்க மக சாஹித்யா அப்போ கைக்குழந்தை.

போட்டோ இருக்கு. கல்யாண போட்டோவுல முறைச்சிக்கிட்டு நிக்கிறாரு. குரல்தான் இல்ல. கரகரன்னு, கொஞ்சம் மூக்கால வர்ற குரல். அதுல என் பேரைக் கூப்பிட்டா எவ்வளவு கோபத்துலயும் எனக்குச் சிரிப்பு வந்துடும். வருஷம் போகப் போக அது காதுலேர்ந்து தேஞ்சுக்கிட்டே வந்துச்சு. ஒரே ஒரு தடவை கேட்டாப் போதும் சாமின்னு ஏங்கிக் கிடந்தேன்.

படம் முடியவே வருஷக்கணக்காச்சு. போன ஞாயித்துக்கிழமை ஏ.எஸ்.ராவ் நகர்ல ஒரு ஹால்ல போட்டாங்க. மகளைக் கூட்டிக்கிட்டு முதல் ஆளாப் போய் உட்கார்ந்தேன்.

வந்தாரு. அதே நடை, அதே தோள். வாயைத் திறந்தாரு. குரல் வேற! ரேடியோவுல நியூஸ் படிக்கிறவன் மாதிரி கனமான, சுத்தமான தெலுங்கு. இவரு தெலுங்கு பிடிக்கலையோ என்னவோ, இவருக்கு வேற எவனையோ டப்பிங் பேச வச்சுட்டானுங்க.

அடப்பாவிகளா! டைரக்டர் முன் வரிசையிலதான் உட்கார்ந்திருந்தாரு. இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு பார்த்துடறேன்னு எழுந்தேன்.

சாஹித்யா என் புடவையைப் பிடிச்சு இழுத்தா. கண்ணெல்லாம் தண்ணி, முகமெல்லாம் சிரிப்பு. "அம்மா, அப்பா குரல் எந்த பாகுந்தி!" எவ்வளவு நல்லா இருக்குன்னு தெலுங்குலயே சொல்லிச் சொல்லிப் பூரிக்கிறா. "என் பேரையும் இப்படித்தான் கூப்பிடுவாராம்மா?"ன்னு கேட்டா.

நான் உட்கார்ந்துட்டேன்.

"ஆமாண்டி, இதே குரல்லதான் கூப்பிடுவாரு"ன்னேன்.