முப்பதாம் படிவத்தில் ஒரு காலிக் கட்டம்

1

இந்தக் கதை ஒரு போட்டோவிலிருந்து வந்தது. அதை நான் பார்த்திருக்கக் கூடாது. வடகரப்பதியில் அக்ஷயா எனப்படும் ஓர் அரசு இ-சேவை மையத்தில் வருமானச் சான்றிதழுக்காக வரிசையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் நின்ற அம்மாவுக்காகக் கணினித் திரையில் ஒரு படம் திறந்தது. எட்டிப் பார்த்தேன்.

மலைப்பாதையில் சாலைக் கேமரா எடுத்த படம். ஒரு வெள்ளை ஆம்னி கார். ஓட்டுகிற ஆள் சீட் பெல்ட் போடவில்லை. பக்கத்து சீட்டில் இருப்பவர் ஒழுங்காகப் போட்டிருக்கிறார். ஆனால் அவர் ஆள் இல்லை. கண்ணாடிச் சட்டத்துக்குள், சந்தன மாலையோடு இருக்கும் ஒரு பெரியவரின் படம்.

"இது நம்ம வண்டிதானுங்க," என்றார் அந்த அம்மா. "இவரு யாருன்னு தெரியலியே."

எனக்குக் கிடைத்தது இவ்வளவுதான். மீதியெல்லாம், அந்த அம்மாவுக்கு மருதாத்தாள் என்ற பெயர் உட்பட, நான் கட்டியது. எங்கே ஆணி அடித்தேன் என்பதையும் மறைக்காமல் காட்டிவிடுகிறேன்.

முதல் தொடக்கம்: "விற்ற பிறகும் அந்தக் கார் மருதாத்தாளை விட்டுப் போக மறுத்து—" வேண்டாம். கார் எதையும் மறுக்காது. கார் இரும்பு.

இரண்டாம் தொடக்கம்: "பள்ளிவாசல் மலையில் பனி இறங்கிக்கொண்டிருந்தபோது—" கதை அங்கே தொடங்கவில்லை. பனியை எழுத எனக்கு ஆசை, அவ்வளவுதான்.

மூன்றாவதை வைத்துக்கொள்கிறேன்.

2

மருதாத்தாளுக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஆனாலும் கார் அவள் பேரில்தான் இருந்தது. வாங்கும்போது ஜோசியர் கணவர் குப்பண்ணனின் கட்டத்தைப் பார்த்து, "இவருக்கு வாகன யோகம் இல்லீங்க, அம்மணிக்குத்தான் இருக்குது" என்று சொல்லிவிட்டார். அதனால் ஒன்பது வருஷம் குப்பண்ணன் ஓட்டினார். உரிமையாளர் பின்னால் தேங்காய் மூட்டையோடு உட்கார்ந்து வந்தாள்.

போன வருஷம் குப்பண்ணனுக்குக் கண் மங்கியது. ஆடி மாதத்தில் வண்டியை விற்றார்கள். வாங்க வந்தவன் கருத்தப்பாண்டி. இடுக்கியில் பள்ளிவாசல் என்ற ஊர்ப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. கூடவே அவனுடைய அப்பா சுடலைமுத்து வந்திருந்தார். வண்டி அப்பா பேரில் என்று பேச்சு.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. அவசரம் இருப்பவர்கள் மூன்றாம் பகுதிக்குப் போகலாம். ஆனால் போனால் பிறகு என்னிடம் சந்தேகம் கேட்கக் கூடாது.

ஒரு கார் கைமாறும்போது இரண்டு காரியங்கள் நடக்க வேண்டும். சாவி கைமாறுவது ஒன்று. அது எல்லோருக்கும் தெரியும். பதிவேட்டில் பெயர் மாறுவது இன்னொன்று. அது யார் கண்ணுக்கும் தெரியாது. முதலாவது நடந்தால் இரண்டாவது பின்னாலேயே வந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். வராது. அதைக் கூட்டிவருவதற்கு இரண்டு படிவங்கள் இருக்கின்றன. இருபத்தொன்பதாம் படிவத்தில் விற்றவர், "நான் விற்றுவிட்டேன்" என்று தகவல் கொடுக்கிறார். முப்பதாம் படிவத்தில், "பெயரை மாற்றிக் கொடுங்கள்" என்று விற்றவரும் வாங்கியவரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டுக் கேட்கிறார்கள். இவை போய்ச் சேரும்வரை வண்டி எந்த மலையில் ஏறினாலும், யார் ஓட்டினாலும், அரசாங்கத்தின் கணக்கில் அது பழைய ஆளுடையதுதான்.

(இதில் ஒரு நியாயம் இருக்கிறது. ரோட்டில் ஓடுகிற ஒவ்வொரு வண்டிக்கும் பதில் சொல்ல ஒருவர் வேண்டும். புதியவர் கைதூக்கும்வரை பழையவர் கையை இறக்க முடியாது. யோசித்துப் பாருங்கள், நல்ல ஏற்பாடு. நாமே பழையவராக இல்லாதவரை.)

அன்றைக்கு இரண்டு படிவத்திலும் எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். சுடலைமுத்து ஒரு கையெழுத்துக்கு மூன்று நிமிஷம் எடுத்துக்கொண்டார். கடைசியில் தேதிக் கட்டம். மருதாத்தாள் பேனாவைத் தூக்கிப் பிடித்தாள்.

"ஆடிச் செவ்வாயிங்க, அட்டமி வேற. இன்னைத் தேதியப் போட்டா வண்டி வாங்குன நாளே சரியில்லாமப் போயிரும். நீங்க ஆவணியில நல்ல நாளாப் பாத்துப் போட்டுக்கங்க."

"நீங்க சொல்லுதது சரிதான் தாயி," என்றார் சுடலைமுத்து.

"அப்ப வண்டிய எப்பங்க எடுக்கறீங்க?"

"இந்தா, இப்பமே."

அட்டமியில் வண்டி போகலாம், தேதி போகக் கூடாது. இதில் அங்கிருந்த நான்கு பேருக்கும் எந்த முரண்பாடும் தெரியவில்லை. கட்டத்தைக் காலியாக விட்டது ஒரு மரியாதை. விருந்தாளிக்கு நல்ல நாற்காலியை ஒதுக்கிவைப்பது மாதிரி.

3

விற்ற இரண்டு மாதம் கழித்து மருதாத்தாள் பிங்க் ரேஷன் கார்டுக்கு எழுதிப் போட்டாள். முன்னுரிமைக் குடும்பங்களுக்கான கார்டு அது. முக்கால் ஏக்கர் தென்னையும் ஓட்டு வீடும் உள்ளவளுக்குக் கிடைக்கும். ஆனால் சொந்த உபயோகத்துக்கு நாலு சக்கர வண்டி இருந்தால் கிடைக்காது. "இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பொய்யில்லையே. வாசலில் வண்டி நின்ற இடத்தில் இப்போது கோழி மேய்கிறது. கார்டு வந்தது.

அதன்பிறகு குப்பண்ணன் கொழிஞ்சாம்பாறையில் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது படி தவறி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. "கார் இருந்திருந்தா நா எதுக்குடி பஸ்ஸுல போறேன்" என்று அன்றிலிருந்து தினமும் சொல்கிறார். வரும் புதன்கிழமை ஆபரேஷன். பிங்க் கார்டுக்குக் கிடைக்கும் சிகிச்சைச் சலுகையை நம்பித்தான் நாள் குறித்திருக்கிறார்கள்.

இந்த நேரத்தில் ரேஷன் கார்டு தரும் சப்ளை ஆபீசிலிருந்து நோட்டீஸ்: உங்கள் பேரில் நாலு சக்கர வாகனம் இருக்கிறது; பொய்த் தகவல் தந்து கார்டு வாங்கியதாகத் தெரிகிறது; திங்கட்கிழமை நேரில் வந்து விளக்கம் தரவும். இல்லையென்றால் கார்டு ரத்து.

சலுகை போய்விடுமே என்பது மருதாத்தாளின் பாதிக் கவலைதான். "பொய்" என்ற சொல் தபாலில் வந்திருப்பது மீதிப் பாதி.

வியாழக்கிழமை காலையில் அக்ஷயாவுக்கு ஓடினாள். மையத்தை நடத்தும் செல்வப்பிரியா வண்டி நம்பரைத் தட்டிப் பார்த்தாள். அப்போதுதான், பெல்ட் போடாததற்கான அபராதச் சீட்டோடு, அந்தப் போட்டோ திறந்தது. நான் எட்டிப் பார்த்தது.

"ஏனுங் பெரீம்மா, ஒரு வருசமா பேரு மாத்தலியான்னு கேக்கவே இல்லீங்களா?"

"கேட்டனே கண்ணு. ரெண்டு தடவ கேட்டேன். நாள் பாத்துட்டு இருக்கோம்னாரு அந்தத் தம்பி. நாள் பாக்கச் சொன்னதே நானு. மறுபடி எப்படிக் கேக்கறது?"

செல்வப்பிரியா படத்தைப் பெரிதாக்கினாள். மாலைக்கு நடுவில் பெரியவரின் முகம் தெளிந்தது. மருதாத்தாள் திரையை நோக்கிக் குனிந்தாள்.

"அய்யோ. இவரு அந்தக் கையெழுத்துப் போட்ட பெரியவரு."

4

இந்த இடத்தில் எனக்குக் கருத்தப்பாண்டி மேல் சந்தேகம் வந்தது. அவனை ஏமாற்றுக்காரனாக்கிவிட்டால் கதை சுலபமாக முடியும். ஒரு பத்தி எழுதியும் பார்த்தேன்: "கருத்தப்பாண்டி விஷமமாகச் சிரித்தபடி போனை அணைத்துவிட்டு—" எழுதும்போதே தெரிந்தது, இவன் அப்படிச் செய்யமாட்டான். தனக்குப் போடாத பெல்ட்டை அப்பாவின் படத்துக்குப் போடுகிறவனை வில்லனாக்க எனக்குக் கை வரவில்லை. அடித்துவிட்டேன். போன் போடட்டும்.

ஸ்பீக்கரில் போட்டாள் செல்வப்பிரியா.

"யக்கா, நானே பேசணும்னு இருந்தேன். எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுப் பேசன்னுதான்..." என்றான் கருத்தப்பாண்டி. "அய்யா ஆவணி மூணுல தவறிட்டாக. அஞ்சாந்தேதி நாள் குறிச்சிருந்தோம்."

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே தம்பி!"

"உங்க வண்டி வந்த நேரந்தான் அவுகள எடுத்துட்டுன்னு நாங்க நெனச்சதா நீங்க நெனச்சிருவீகளோன்னு சொல்லல."

உண்மையில் மருதாத்தாள் அந்த நொடியில் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

"செரி, அந்தப் போட்டோ என்னங்க, பெல்ட்டெல்லாம் போட்டு?"

"அதுவா. முன்சீட்டுல உக்காந்து சொந்த ஊரு கோயிலுக்குப் போகணும்னு அய்யாவுக்கு ஆச. படத்தக் கூட்டிட்டுப் போனேன். வளைவுல விழுந்துரக் கூடாதுன்னு அவுகளுக்குப் போட்டேன். எனக்கு மறந்துட்டு."

செல்வப்பிரியா வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். மருதாத்தாளுக்கும் சிரிப்பு வந்தது. பிறகு கண் கலங்கியது. பிறகு திங்கட்கிழமை ஞாபகம் வந்தது. எல்லாவற்றையும் சொன்னாள்: நோட்டீஸ், கார்டு, இடுப்பெலும்பு, புதன்கிழமை.

"பழைய படிவம் ஆகாது," என்று செல்வப்பிரியா குறுக்கே வந்தாள். "அதுல வாங்குனவரு உங்க அப்பாதானே. இப்ப புதுசா உங்க பேருக்கு, அண்ணா. இங்கயே கம்ப்யூட்டர்ல போட்டர்றேன். ரெண்டு பேரு போனுக்கும் ஓடிபி வரும், சொன்னாப் போதும். விண்ணப்ப ரசீது இருந்தா கார்ட நிறுத்த மாட்டாங்களாம், ஆபீஸ்ல கேட்டுட்டேன்."

(இதற்கும் ஒரு குறிப்பு. ஓடிபி என்பது போனுக்கு வரும் ஆறு இலக்கம். "இதை யாரிடமும் சொல்லாதீர்கள்" என்று அதிலேயே எழுதியிருக்கும். சொன்னால்தான் பெயர் மாறும். இவ்வளவு நாணயமாகத் தன்னைத் தானே மறுத்துப் பேசும் குறுஞ்செய்தி வேறு கிடையாது. ஆயுள் பத்து நிமிஷம்.)

மருதாத்தாளின் போனுக்கு உடனே வந்தது. சொன்னாள். இனி அந்தப் பக்கத்து ஆறு இலக்கம்தான் பாக்கி.

"யக்கா..." என்று இழுத்தான் கருத்தப்பாண்டி. "ஆத்தா எங் கையிலருந்து போன வாங்கிட்டாக."

5

முடிவுகளை யோசித்துவைத்திருந்தேன்.

ஒன்று: ஓடிபி வருகிறது, பெயர் மாறுகிறது, இடுப்பெலும்பு சேர்கிறது, எல்லோரும் ஆம்னியில் கோயிலுக்குப் போகிறார்கள். ஒரு வண்டியில் இத்தனை பேரைத் திணித்தால் இன்னொரு நோட்டீஸ் வரும்.

இரண்டு: மருதாத்தாள் திங்கட்கிழமை அந்தப் போட்டோவை அதிகாரியின் மேஜையில் வைத்து, "நான் வித்துட்டேனுங்க, வாங்குனவரு இதோ பெல்ட்டுப் போட்டு உக்காந்திருக்காரு" என்கிறாள். அதிகாரி உருகி— இல்லை. அதிகாரி உருகினாலும் சர்வர் உருகாது.

மூன்று: எனக்குப் பெயர் தெரியாத ஒரு பெண்மணி போனை வாங்கிக்கொள்கிறார். இதை நான் யோசிக்கவே இல்லை. போன பகுதியின் கடைசி வரியில் அதுவாக நடந்துவிட்டது. அவருக்கு இப்போதுதான் பெயர் வைக்கிறேன்: அழகுத்தாய். சுடலைமுத்துவின் மனைவி. முப்பது வருஷம் எஸ்டேட்டில் தேயிலைக் கொழுந்து பறித்தவர். எழுத்துக் கூட்டிப் படிக்க வராது. ஆனால் எடைச் சீட்டு பார்த்துப் பார்த்து எண் எல்லாம் அத்துபடி.

6

"தாயி, நாந்தான் அவரு வீட்டுக்காரி பேசுதேன். அடுத்த வார வெள்ளிக்கெழம வருசத் திதி. அதுவரைக்கும் இந்த வீட்டுல புதுசா ஒண்ணும் ஆரம்பிக்கக் கூடாது. இவ்வளவு நாள் பொறுத்தீக."

"புதங்கெழம அவருக்கு ஆபரேசனுங்கக்கா."

"அது தெரியுது. எனக்கும் மனசு அடிச்சுக்கிடுது. ஆனா கேளுங்க. எஸ்டேட்டுல முப்பத்தெட்டு வருசம் கைநாட்டு வச்ச மனுசன். பென்சன் வந்தப்பறம், ஒரு வண்டியாவது என் பேருல இருக்கட்டும்னு ஒரு வாரம் சிலேட்டுல எழுதிப் பழகி வந்து உங்க தாளுல கையெழுத்துப் போட்டாரு. வருசம் முடியுமுன்னே அவரு பேர எடுத்துட்டு மவன் பேரப் போடச் சொல்லுதீக."

அந்த மூன்று நிமிஷக் கையெழுத்து மருதாத்தாளுக்கு இப்போது புரிந்தது. கோபப்பட ஒரு வழியும் இல்லை. அழகுத்தாய் இடத்தில் தானிருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பாள். ஆடிச் செவ்வாயென்று பேனாவைத் தூக்கிப் பிடித்த கை யாருடையது?

செல்வப்பிரியா திரையைக் காட்டி, "ஆறு நிமிசந்தானுங்க இருக்குது" என்று உதட்டை மட்டும் அசைத்தாள்.

மருதாத்தாள் போனைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"அக்கா, அந்தத் தாள யாரும் கிழிக்கச் சொல்லலீங்க. அது உங்க ஊட்டுலயே இருக்கட்டும், மாட்டி வைங்க. ஒண்ணு கேக்கறேன். வண்டிய வாங்குனது யாருங்க?"

"அவருதான்."

"எப்ப வாங்குனாரு?"

"போன ஆடியில."

"அப்ப புதுசா எதுங்க ஆரம்பிக்குது? அவரு ஆரம்பிச்சாரு. பாதியில நிக்கிது. அத முடிச்சுத்தான வைக்கறோம்? திதிக்கு முன்ன, அவரு விட்ட காரியத்த மவன் முடிச்சா தப்புங்களா?"

எங்கோ ஒரு கோழி கூவியது. வடகரப்பதிக் கோழியா பள்ளிவாசல் கோழியா என்று தெரியவில்லை.

"அப்பம்..." என்றார் அழகுத்தாய், "வித்த தேதின்னு என்ன போடுவீக? இன்னைக்கா?"

"இன்னைக்கு எதுக்குங்க? அவரு எங்கூட்டுல உக்காந்து கையெழுத்துப் போட்டாரே, அந்தத் தேதிதான்."

"ஆடிச் செவ்வா. அட்டமி."

"ஆமுங்க," என்றாள் மருதாத்தாள். "அட்டமியாவே இருக்கட்டும். நெசம் அதுதானுங்களே."

7

(சட்டம் தெரிந்தவர்கள் புருவத்தைத் தூக்குவார்கள்: அன்று வாங்கியவர் அப்பா, இன்று பெயர் மகனுக்கு. அவர்களுக்கு என்னிடம் முழு விடை இல்லை. அன்றைக்கு அந்த வாசலிலிருந்து வண்டியை ஓட்டிப் போனவன் மகன்தான் என்பதை மட்டும் பதிவு செய்கிறேன்.)

அழகுத்தாய் போனைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய், எடைச் சீட்டு வாசிப்பது மாதிரி வாசிக்கத் தொடங்கினார்.

"நாலு."

செல்வப்பிரியா தட்டினாள்.

"ஒண்ணு. ஏழு. இன்னொரு ஏழு."

தட்டினாள்.

"ரெண்டு."

பிறகு நின்றுவிட்டார். பின்னால் கருத்தப்பாண்டி, "ஆத்தா, இன்னும் ஒண்ணுதான்" என்கிறான். அவர் எதையோ பார்த்துக்கொண்டிருக்கிறார். சுவரில் இருக்கும் படமாக இருக்கலாம். அல்லது வாசலில் நிற்கும் ஆம்னியாக இருக்கலாம். எனக்கு இங்கிருந்து தெரியவில்லை.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஆறாவது இலக்கம் எனக்குத் தெரியாது. மற்ற எல்லாவற்றையும் நான் கட்டலாம். மனிதர்களுக்குப் பெயர் வைக்கலாம், கோழியைக் கூவவிடலாம். அந்த இலக்கத்தைக் கட்ட முடியாது. நான் ஒன்றை இட்டுக்கட்டினால், "தவறான எண்" என்று சிவப்பில் வந்து நிற்கும். அது போனில்தான் இருக்கிறது.

அதனால் கொஞ்ச நேரம் முன்பு, நீங்கள் நான்காம் பகுதியில் சிரித்துக்கொண்டிருந்தபோது, வாங்குபவர் கைபேசி எண் என்ற இடத்தில் உங்கள் எண்ணையும் சேர்த்துக் கொடுத்துவிட்டேன். அந்த ஆறாவது இலக்கம் உங்கள் போனிலும் வந்திருக்கும். யாரிடமும் சொல்லாதீர்கள் என்றும் எழுதியிருக்கும். இரண்டு பக்கத்து நியாயமும் இப்போது உங்களுக்குத் தெரியும். திங்கட்கிழமை யாருக்காகவும் நிற்காது, வெள்ளிக்கிழமையும்.

மூன்று நிமிஷம் இருக்கிறது.

"சொல்லுங்கக்கா," என்கிறாள் மருதாத்தாள். "நான் இங்கதானுங்க இருக்கேன்."