மாதிரி வரிகள்

1

இந்தக் கதை என்னுடையது இல்லை. திருடியது என்று சொல்லிவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். திருட்டு என்றால் கொஞ்சமாவது கஷ்டப்பட்டிருக்க வேண்டும். இது தானாக வந்து மடியில் விழுந்தது.

எனக்கு ஒரு வெப்சைட் வேண்டும் என்று என் மகள் முடிவு செய்தாள். (என்னைப் படிக்கிற நாற்பது பேருக்கு வெப்சைட் எதற்கு என்று கேட்டேன். நாற்பத்தொன்று ஆகட்டுமே என்றாள்.) செய்து தர ஒரு பெண்ணைப் பிடித்தோம். ஒரு வியாழக்கிழமை காலை, பக்கம் தயார், பார்த்துச் சொல்லுங்கள் என்று செய்தி வந்தது. திறந்தேன். 'ஆசிரியரைப் பற்றி' என்ற தலைப்பின் கீழே, என் போட்டோவுக்குப் பக்கத்தில், இப்படி இருந்தது:

"அக்கா மாடியில் எனக்கென்று ஓர் அறை கட்டுகிறாள். ஜன்னல் எந்தப் பக்கம் வேண்டும் என்று தினமும் கேட்கிறாள். எனக்கு ஜன்னல் வேண்டாம். மூன்று பஸ் ஸ்டாப் தள்ளி ஒரு சின்ன வீடு பார்த்து, வருகிறேன் என்று வாக்கும் கொடுத்துவிட்டேன். சண்டை ஒன்றும் இல்லை. தனியாக இருந்து பார்க்க ஆசை, அவ்வளவுதான். இதை அக்காவிடம் எப்படிச் சொல்வது?"

எனக்கு அக்காவே கிடையாது.

2

வெப்சைட் செய்த அந்தப் பெண்ணைப் பற்றி முதலில் இப்படி ஆரம்பித்தேன்: "அவள் விரல்கள் விசைப்பலகையில் நடனமாடின, அந்த நடனத்தில்" — (கோடு போட்டு அடித்தாயிற்று. அவள் இரண்டு விரலால்தான் தட்டுகிறாள். நடனமாவது ஒன்றாவது.)

அடுத்தது: "முப்பத்து நான்கு வயதில், தனிமையின் விளிம்பில்" — (இதுவும் போச்சு. வீட்டில் அக்கா, அக்கா வீட்டுக்காரர், அவர்களுடைய இரண்டு பெண்கள், எல்லோருக்கும் ஒரே பாத்ரூம். தனிமைக்கு எங்கே போவாள்?)

சரி, ஜோடனை இல்லாமல் சொல்கிறேன். வீட்டில் அவளைச் 'சின்னது' என்று கூப்பிடுகிறார்கள். நான் கொஞ்சம் மரியாதையாக, சின்னவள் என்று வைத்துக்கொள்கிறேன்.

அம்மா போன பிறகு, பதினான்கு வருடமாகச் சின்னவளுக்கு அக்கா வீடுதான். முதலில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் ரிசப்ஷனில் இருந்தாள். டாக்டர் வந்துட்டாரா என்று நாளைக்கு நூறு பேர் போன் செய்வார்கள். சொல்லிச் சொல்லி வாய் வலித்து, யாரும் கற்றுத்தராமல், மற்ற சைட்டுகளை நோண்டிப் பார்த்துத் தானே ஒரு பக்கம் செய்தாள். அதில் இருந்தது ஒரே வரி. 'டாக்டர் வந்துவிட்டார்', இல்லாவிட்டால் 'இன்னும் வரவில்லை'. அத்தோடு போன் நின்றது. அப்புறம் ரிசப்ஷனுக்கு எதற்கு இரண்டு பேர் என்று ஆஸ்பத்திரிக்காரர்களுக்குத் தோன்றிவிட்டது.

தன் வேலைக்குத் தானே ஆப்பு வைத்துக்கொண்டவள் என்று அக்கா இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள். அன்றைக்கு, போனால் போகிறது, இதையே வேலையாக வைத்துக்கொள் என்று சாப்பாட்டு மேசையில் பாதியை ஒழித்துக் கொடுத்தவளும் அக்காதான். எட்டு வருடமாகியும் சின்னவளின் ஆபீஸ் அந்த அரை மேசை. மறு பாதியில் பெண்கள் ஹோம்வொர்க் எழுதுகிறார்கள்.

3

வேலை செய்யும் விதத்தையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நடந்தது புரியாது. போனில் பேச மாட்டாள். கேள்விகளை எண் போட்டு அனுப்புவாள். நான் மூன்றாவதை விட்டுவிட்டு நான்காவதற்குத் தாவினால் மூன்றாவது மறுபடி வரும். ஆங்கில எழுத்துக்குப் போட்ட கட்டத்தில் தமிழ் அடங்காது, நம் வார்த்தைகள் நீளம். அதனால், நாம் எழுதிக் கொடுக்கும் வரை கட்டங்களில் எதையாவது தமிழில் அடித்து, எங்கே இடிக்கிறது என்று பார்ப்பாள். மாதிரி வரிகள் என்று பெயர். மற்றவர்கள் எங்கிருந்தாவது வெட்டி ஒட்டுவார்களாம். இவள் அந்த நேரத்தில் மனதில் ஓடுவதை அடித்துவிட்டுப் பிறகு அழிப்பாள்.*

(* ஒரு பல் டாக்டரின் பக்கத்தில் ஒரு மத்தியானம் முழுக்க 'பெரிய பாப்பா என் சார்ஜரைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்' என்று இருந்ததாம். பெரிய பாப்பா என்றால் அக்காவின் மூத்த பெண். அது சோதனைப் பக்கம், வெளியே யாரும் பார்க்கவில்லை.)

வேலைக்கு வெளியே அவளுக்கு என்று இருப்பது ஒன்றே ஒன்று. ஞாயிற்றுக்கிழமை காலையில் பஸ் ஏறிக் கடைசி ஸ்டாப் வரை போய்த் திரும்புவாள். அந்த ஒன்றரை மணி நேரம் யாரும் 'சின்னது' என்று கூப்பிட மாட்டார்கள். அப்படிப் போகும்போதுதான் 'வாடகைக்கு' என்ற போர்டு கண்ணில் பட்டிருக்கிறது.

இன்னொரு வழக்கம். எந்தப் பக்கமானாலும் வாடிக்கையாளருக்குப் போகும் முன் அக்காவின் போனுக்குப் போகும். திரையில் கீறல் விழுந்த பழைய போன். அதில் அக்காவால் படிக்க முடிந்தால் உலகத்தில் யாராலும் முடியும். அக்கா ஒரு வரி விடாமல் படித்து, எழுத்து பொடியாக இருக்கிறது, இதை எங்கே அமுக்குவது என்று ஏதாவது ஒரு குறை சொல்வாள்.

நீங்கள் இப்போது என்ன நினைக்கிறீர்களோ அதையேதான் நானும் நினைத்தேன்.

4

பேச மாட்டாள் என்று தெரிந்தும் போன் செய்தேன். எடுத்தாள். ஏழு வரியையும் வாசித்துக் காட்டினேன். அழித்துவிட்டதாக நினைத்து அனுப்பியிருக்கிறாள், எட்டு வருடத்தில் முதல் தடவையாக. அக்காவுக்கு முந்தின நாள் மாலையே போயிருக்கிறது. நல்லா இருக்கு என்று மட்டும் அக்கா சொல்லியிருக்கிறாள். எந்தக் குறையும் சொல்லவில்லை.

யார் எந்தப் பக்கத்தை எவ்வளவு நேரம் திறந்து வைத்திருந்தார்கள் என்று வெப்சைட் செய்கிறவர்களுக்கு ஒரு பட்டியல் வரும். போனை வைக்காமலே அதைப் பார்த்தாள்.

"பதினோரு நிமிஷம் சார்."

"என்னது?"

"அக்கா போன். அந்த ஏழு வரிக்கு, பதினோரு நிமிஷம்."

அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்துவிட்டது என்று இவளுக்கும் தெரிந்துவிட்டது. ஆனால் இரண்டு பேரும் அதே மேசையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கதை எழுதுகிறவனுக்கு அந்த நிமிடத்தில் நாக்கில் எச்சில் ஊறியது. அவள் அந்தப் பக்கம் அழுதுகொண்டிருந்தாள்.

5

முடிவு அ: அக்கா தலையில் அடித்துக்கொள்கிறாள். "உன்னைப் பார்த்துக்கிட்டதுக்கு இதுதானா" — (வேண்டாம். அக்காவை நான் பார்த்ததில்லை. ஆனாலும் பதினோரு நிமிடம் படித்துவிட்டு, நல்லா இருக்கு என்று சொன்னவள் இப்படிக் கத்த மாட்டாள்.)

முடிவு ஆ: சின்னவள் ஆசையை மென்று முழுங்கிவிட்டு, கிழக்குப் பக்கம் ஜன்னல் வைக்கலாம் என்கிறாள். எல்லோருக்கும் மகிழ்ச்சி — (யார் அந்த எல்லோரும்?)

இதைக் கதையாக எழுதலாமா என்று அவளிடமே கேட்டேன். அரை நாள் கழித்து, எண் போட்டு, ஒரே வரி வந்தது. '1. சனிக்கிழமை வரை பொறுங்கள் சார்.'

சனிக்கிழமை கொத்தனார் வந்தார். மாடியில் சுவர் இடுப்பளவு நின்றது. ஜன்னலுக்கு எங்கே இடம் விடுவது என்று அன்றைக்கே தெரிந்தாக வேண்டும். அக்கா சின்னவளை மேலே கூப்பிட்டாள். கொத்தனாரை, கீழே போய் டீ குடித்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பினாள். இருவரும் செங்கல் அடுக்கின் மேல் உட்கார்ந்தார்கள். அந்த வெப்சைட் பக்கத்தைப் பற்றி அக்கா வாயே திறக்கவில்லையாம். கையில் ஒட்டிய சிமெண்டைச் சுரண்டிக்கொண்டே பேசினாளாம்.

"ஜன்னல் எந்தப் பக்கம்னு தினமும் கேட்டேன். அறை வேணுமான்னு ஒரு நாள்கூட உன்னைக் கேக்கல. இப்பக் கேக்கறேன். எனக்காகப் பாக்காம சொல்லு. சுவர் இன்னும் இடுப்பளவுதான்."

6

சின்னவள் என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியும். சாயங்காலம் அவளே கூப்பிட்டுச் சொன்னாள். ஒன்றரைப் பக்கம் எழுதினேன். தற்பெருமை வேண்டாம்தான், ஆனால் நன்றாகவே வந்திருந்தது. எல்லாவற்றையும் அழித்துவிட்டேன்.

அவளுடைய ஏழு வரிகளை எடுத்துக்கொண்டேன். அரை மேசை, ஞாயிற்றுக்கிழமை பஸ், அழுகை எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டேன். கடைசியில் அக்காவின் முகத்தைப் பார்த்து அவள் தானாகச் சொன்ன ஒன்றையும் வாரிக்கொண்டு வந்தால் நான் மனுஷனே இல்லை.

முடிவு வேண்டும் என்கிறவர்கள் நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும் சொல்கிறேன். டீ குடித்துவிட்டுத் திரும்பிய கொத்தனார், மேலே பேச்சுக் குரல் கேட்டதும், பாதிப் படியிலேயே நின்றுவிட்டாராம். அவள் பேசி முடிக்கிற வரைக்கும் ஏறி வரவில்லை. நாமும் அவர் பக்கத்திலேயே நிற்போம்.